முதியோருக்கான கையசைவு இடைமுகம்: நாற்காலியில் தொடங்கி வீட்டில் விட்டுவருவது வரை

டிவிக்குக் கீழே ஒரு வெப்கேம். எதிரே நாற்காலியில் ஒரு பெரியவர். ரிமோட்டைத் தேடாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னச் சின்ன பட்டன்களைத் துழாவாமல், கையை உயர்த்தியே அவர் பாட்டு மாற்ற வேண்டும், பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க வேண்டும், வருகிற வீடியோ காலை எடுக்க வேண்டும். அப்படியொரு இடைமுகத்தை எந்த வரிசையில் வடிவமைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. முதியோர் பகல் பராமரிப்பு மையம் ஒன்றிலும் சில வீடுகளிலும் வைத்துப் பார்த்தபின், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று கவனித்து எழுதுகிறேன்.

இடறல் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாளே கோட் எழுதி, தங்கள் கையை வைத்தே சோதித்து, எல்லாம் ஓடுகிறது என்றான பிறகு பெரியவர்களைக் கூப்பிடுகிறார்கள். இருபத்தைந்து வயதுக் கைக்கு ஓடியது எழுபத்தைந்து வயதுக் கைக்கு ஓடுவதில்லை.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து வருபவைதான்: கை சும்மா இருக்கும்போது திரையும் சும்மா இருக்க வேண்டும். ஒரு சைகையைக் கருவி தவறவிட்டால் பெரியவர் இன்னொரு முறை செய்து பார்ப்பார். அவர் ஒன்றுமே செய்யாதபோது திரை தானாக மாறினால், எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அந்தக் கையை மறுபடி வெளியே கொண்டுவருவது மிகவும் கஷ்டம்.

1. முன்கூட்டியே வேண்டியவை

கை வைத்த, அசையாத நாற்காலி ஒன்று. கைப்பிடியில் வைக்க ஒரு சிறு தலையணை. 720பி தரத்தில் நொடிக்கு 30 பிரேம் தரும் சாதாரண வெப்கேம் போதும். ஒரு மடிக்கணினி, அதில் மீடியாபைப் என்ற மென்பொருள். இது ஒரு கையில் 21 புள்ளிகளையும் உடலில் 33 புள்ளிகளையும் கண்டுபிடித்துத் தரும். தனி சென்சார் எதுவும் வேண்டாம்.

இவற்றைவிட முக்கியம், எட்டு முதல் பத்துப் பெரியவர்கள். அவர்களில் கை நடுக்கம் உள்ள ஒருவர், பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமான ஒருவர், தோள்பட்டை இறுகிப்போன ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஆரோக்கியமானவர்களை மட்டும் வைத்து வடிவமைத்தால், பிறகு மற்றவர்களுக்காகத் திருத்தப்போவது எல்லாவற்றையும்தான்.

சம்மதத்தைத் தமிழில், வாயால் விளக்கி வாங்குங்கள். கேமரா எதைப் பார்க்கிறது, எதைச் சேமிக்காது என்று ஓட்டிக் காட்டியே சொல்லுங்கள். வீடியோவைச் சேமிக்கவே வேண்டாம், புள்ளிகளின் எண்களை மட்டும் சேமித்தால் போதும். உள்ளே உட்கார்ந்து யாரோ பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் எந்தப் பெரியவரும் இயல்பாக உட்கார மாட்டார்.

2. நாற்காலி, கேமரா, வெளிச்சம்

உட்கார்ந்தே செய்யும்படி மட்டுமே வடிவமையுங்கள். நின்றுகொண்டு கையை வீசும்போது சமநிலை தவறினால், விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயம் உண்டு. எந்த வசதியும் அதற்கு ஈடாகாது.

நாற்காலிக்கும் கேமராவுக்கும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி போதும். தூரம் கூடினால் படத்தில் உள்ளங்கை சிறிதாகி, மீடியாபைப் அதைத் தவறவிடும். கேமராவை டிவிக்கு மேலே வைக்காமல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். உயர்த்திய கையும் மடியில் இறங்கிய கையும் ஒரே படத்தில் விழ வேண்டும், மடி ஏன் தேவை என்பது ஆறாவது படியில் வரும்.

பெரியவருக்குப் பின்னால் சன்னல் இருந்தால் திரைச்சீலை போடுங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரிலிருந்து வரட்டும். இது அழகுக்காக அல்ல. வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் தாமாகவே 30 பிரேமிலிருந்து 15-க்கு இறங்கிவிடும். அப்போது நொடிக்கு 12 முறை நடுங்கும் கை, கேமராவின் கண்ணுக்கு நொடிக்கு 3 முறை அசைவதாகத் தெரியும். அதாவது நடுக்கம், டாட்டா காட்டுவதுபோல ஆகிவிடும். இதைப் பிறகு கோடில் சரிசெய்ய முடியாது, தகவலே போய்விட்டிருக்கும்.

கேமரா அமைப்பில் ஒளித்துடிப்புத் தடுப்பை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம் மின்சாரம் அதுதான். அப்புறம் சீலிங் ஃபேன். டியூப்லைட் ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கையின் நிழல் கைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேனை நிறுத்தச் சொல்லாதீர்கள், விளக்கை மாற்றுங்கள்.

3. கை எவ்வளவு தூரம் போகும் என்று அளவெடுங்கள்

வலி இல்லாமல் கையைத் தூக்கச் சொல்லுங்கள், மூன்று முறை. மூன்றில் அதிகமானதை எடுக்காதீர்கள், குறைவானதை எடுங்கள். நம் பெரியவர்கள் வந்திருக்கும் பிள்ளைக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே தூக்கிக் காட்டுவார்கள். அந்த உயரத்தை அவர்களால் பத்து நிமிடம் தாங்க முடியாது.

அளவைப் பிக்சலில் வைத்துக்கொள்ளாமல் தோள் அகலத்தை ஓர் அலகாக எடுங்கள். மீடியாபைப் உடல் புள்ளிகளில் 11-ம் 12-ம் தோள்கள், 15-ம் 16-ம் மணிக்கட்டுகள். மணிக்கட்டு தோளிலிருந்து எத்தனை தோள் அகலம் நகர்ந்தது என்று கணக்கிட்டால், நாற்காலி கொஞ்சம் முன்பின் நகர்ந்தாலும் கணக்கு மாறாது.

பிறகு நெஞ்சுக்கு முன்னால் ஒரு சிறு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முழங்கை தலையணையில் ஊன்றியபடி முன்கை மட்டும் போய்வரும் அளவு. அந்தப் பெட்டி முழுத் திரைக்கும் சமம். புதியவர்கள் திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் கையை நீட்ட வைப்பார்கள். முழங்கை ஊன்றாமல் நீட்டிய கை ஒரு நிமிடத்திலேயே கனக்கத் தொடங்கும், இளைஞர்களுக்கும்கூட.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அளவெடுங்கள். மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் காலை விறைப்பு இருக்கும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கும் அது இறங்கும் நேரத்துக்கும் கையே வேறாக இருக்கும். ஒரே அளவை நிரந்தரமாக வைத்தால் பாதி நாள் பொருந்தாது.

எந்தக் கை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வலது கை பலவீனமானவருக்கு இடது கைதான் வழி. ஆனால் இடது கையை நீட்டுவது மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள் அவர்கள். உத்தரவு போடுவதுபோல “லெஃப்ட் ஹேண்ட் யூஸ் பண்ணுங்க” என்று சொல்லாமல், “எந்தக் கை சௌகரியமோ அதைத் தூக்குங்கம்மா” என்று விட்டுவிடுங்கள். எந்தக் கை வந்தாலும் கருவி ஏற்கட்டும்.

4. சைகையை அவர்களிடமே கேளுங்கள்

ஜேக்கப் வாப்ராக்கும் உடன் ஆய்வாளர்களும் மேசைத் திரைகளுக்காக 2009-இல் வெளியிட்ட ஆய்வின் வழியாகப் பரவலான முறை இது: விளைவை முதலில் காட்டு, அதற்கு என்ன அசைவு செய்வீர்கள் என்று பிறகு கேள். பெரியவர்களிடம் இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. “எந்தச் சைகை பிடிக்கும்?” என்று கேட்டால் “நீங்க சொல்றதுதான்ப்பா” என்றுதான் பதில் வரும்.

ஓர் அம்மாவிடம் படம் அடுத்ததற்கு மாறுவதைக் காட்டி, “இது நீங்க கையாலயே மாத்துனதுன்னு வச்சுக்கோங்கம்மா. கை என்ன செஞ்சிருக்கும்?” என்று கேட்டேன்.

“நான் என்னத்தக் கண்டேன் தம்பி” என்று சிரித்தார். கை மட்டும் தோசையைத் திருப்புவதுபோல ஒரு புரட்டு புரட்டியது. அந்தப் புரட்டைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும், வாய் சொன்னதை அல்ல.

ஒவ்வொரு விளைவுக்கும் இரண்டு மூன்று அசைவுகள் கேளுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் போனில் பார்த்ததாக இருக்கும். இரண்டாவதில்தான் அவர்களுடைய அசைவு வரும்.

அப்படிக் கிடைத்ததை எல்லாம் கேமராவின் கண்ணால் சலிக்க வேண்டும். ‘வா’ என்று நாம் கூப்பிடுவது உள்ளங்கை கீழே பார்த்தபடி விரல்களை மடக்கித்தான். கேமராவுக்கு எதிரே அது விரல்கள் குறுகி, கை பாதியாகத் தெரியும், அடையாளம் தவறும். கைகூப்பி வணக்கம் சொல்வது எல்லோருக்கும் பிடித்த யோசனை. ஆனால் ஒரு கை இன்னொன்றை மறைத்துவிடுவதால் 21 புள்ளிகளும் தடுமாறும். இரண்டையும் மனமில்லாமல்தான் விட்டேன்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளும் சைகையை வைக்கவே வேண்டாம். கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் வயதானவர்களிடம் சகஜம், கிள்ளும்போது வலிக்கும்.

விசிறிபோல வலமிடமாக வீசும் சைகையும் வேண்டாம். வலப்பக்கம் வீசிய கை மறுபடி நடுவுக்கு வரும், கருவி அதை இடப்பக்கம் வீசியதாக எடுத்துப் பழைய படத்துக்கே போகும். இளைஞர்கள் திரும்பும்போது கையைக் கீழே இறக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்கள் இன்னும் வேகமாக வீசிப் பார்ப்பார்கள், தோள் வலிதான் மிச்சம்.

கடைசியில் என்னிடம் மிஞ்சியவை மூன்றே. உள்ளங்கையைக் காட்டினால் கருவி கவனிக்கத் தொடங்கும். கையை நகர்த்தினால் திரையில் ஒளிரும் கட்டம் மாறும், அங்கேயே நிறுத்தினால் தேர்வு. கையை மடியில் இறக்கினால் எல்லாம் ரத்து. உள்ளங்கை காட்டுவதை யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆசீர்வாதம் செய்து பழகிய கைகள் அவை.

5. சும்மா இருக்கும் கையைப் பதிவு செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இதுதான். சைகைகளுக்கு மாதிரி சேகரிப்பார்கள், சைகை அல்லாதவற்றுக்குச் சேகரிக்க மாட்டார்கள்.

பெரியவர்களை டிவிக்கு முன்னால் உட்காரவைத்து, எதுவும் செய்யச் சொல்லாமல் இருபது நிமிடம் பாட்டு ஓடவிடுங்கள். கைகளின் புள்ளிகளைப் பதிவுசெய்யுங்கள். முந்தானையைச் சரிசெய்வார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். கொசுவை விரட்டுவார்கள். தம்ளரைத் தூக்கி அண்ணாந்து காபி குடிப்பார்கள். தாளம் போடுவார்கள்.

மையத்தில் ஒரு பக்திப் பாடலுக்குக் கோபுரம் திரையில் வந்தது. உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள், இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருவி பாட்டை நிறுத்திவிட்டது. ஒரு பாட்டி, “சாமி பாட்டைப் போய் நிறுத்திட்டேனே” என்று கண்கலங்கிவிட்டார். அன்றைக்குத்தான் இந்தப் படியைக் கோட் எழுதுவதற்கு முன்னே நகர்த்தினேன்.

மீடியாபைப் தரும் ஆயத்த அடையாளங்களில் திறந்த உள்ளங்கை, மூடிய கை, மேலே காட்டும் விரல், கட்டைவிரல் மேல், கட்டைவிரல் கீழ் உள்பட ஏழு இருக்கின்றன. சைகைகளை அடையாளம் காணும் உங்கள் சொந்த மாடலைப் பயிற்றுவிக்கும்போது ‘எதுவுமில்லை’ என்ற வகைக்கும் எடுத்துக்காட்டுகள் கொடுத்தாக வேண்டும். அந்த வகைக்குள் போக வேண்டியவை மேலே சொன்ன அசைவுகள்தாம். இணையத்தில் கிடைக்கும் வெறும் கைகளின் படங்கள் போதாது.

உள்ளங்கை வகைக்கும் பெரியவர்களின் கைகளையே எடுங்கள். மூட்டுவாதத்தில் விரல்கள் முழுதாக நீளாது, பக்கவாதத்துக்குப் பிறகு பாதி மடங்கியே இருக்கும். அந்தப் பாதித் திறந்த கையும் ‘திறந்த கை’தான் என்று கருவிக்குத் தெரிய வேண்டும்.

6. நிலைகளைப் பிரித்து எழுதுங்கள்

இப்போதுதான் கோட். நான்கு நிலைகள்: ஓய்வு, கவனிப்பு, தேர்வு, இடைவேளை.

ஓய்வில் எந்த அசைவும் கட்டளை அல்ல. உள்ளங்கை தோளுக்குக் கீழே, நெஞ்சுக்கு முன்னே, தொடர்ந்து ஒரு நொடி தெரிந்தால்தான் கவனிப்பு தொடங்கும். தோளுக்கு மேலே போன கைகளைப் புறக்கணியுங்கள், கும்பிடுவதும் அண்ணாந்து குடிப்பதும் தலைசொறிவதும் அங்கேதான் நடக்கின்றன. இரண்டு கைகள் ஒன்றாக எழுந்தாலும் புறக்கணியுங்கள்.

கவனிப்பில் கை நகர்வதற்கேற்பக் கட்டம் ஒளிரும். தேர்வு முடிந்ததும் ஒரு நொடி இடைவேளை. இல்லாவிட்டால் கையை இறக்குவதற்குள் அடுத்த திரையில் இன்னொன்று தேர்வாகிவிடும்.

எந்த நிலையில் இருந்தாலும் கை மடிக்கு இறங்கினால் ஓய்வு. தப்பாகத் தொடங்கிவிட்டோம் என்று தோன்றினால் யாரும் இயல்பாகவே கையை இறக்கிவிடுவார்கள். அதனால் ரத்து செய்வதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டாம். இரண்டாவது படியில் மடியும் படத்தில் விழ வேண்டும் என்றது இதற்குத்தான்.

பின்னால் பேரன் வந்து நின்று கையை ஆட்டுவான். உள்ளங்கையை அந்த நாற்காலிக்காரரின் உடல் புள்ளிகளில் உள்ள மணிக்கட்டோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாத கை, அந்நியக் கை.

7. நடுக்கமும் காத்திருப்பும்

நடுக்கம் எல்லாம் ஒன்றல்ல. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வில் இருக்கும்போது வரும், நொடிக்கு 4 முதல் 6 முறை, கையை இயக்கினால் குறையும். ஆகவே மடியில் ஆடிக்கொண்டிருக்கும் கையையும் ஓய்வாகவே கருவி எடுக்க வேண்டும். எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் மற்ற வகை நேர்மாறு. கையை நீட்டிப் பிடிக்கும்போதுதான் அதிகமாகும், நொடிக்கு 4 முதல் 12 முறை. நாம் கேட்பதோ ‘நீட்டி அங்கேயே நிறுத்துங்கள்’ என்று. இவர்களுக்கு முழங்கை ஊன்றும் தலையணை, கோட் மாற்றுவதைவிட அதிகம் உதவும்.

அலைவைத் தணிக்க 2012-இல் காசியே, ரூசெல், வோகெல் மூவரும் வெளியிட்ட ஒன் யூரோ ஃபில்டர் போதும். கை மெதுவாகப் போகும்போது அதிகம் தணிக்கும், வேகமாகப் போகும்போது விட்டுக்கொடுக்கும். இரண்டே திருகுகள்: நிற்கும் கையின் நடுக்கத்தைத் தணிக்கும் குறைந்தபட்ச வெட்டு அதிர்வெண், வேகத்துக்கேற்ப விட்டுக்கொடுக்கும் பீட்டா. அவற்றையும் வரிசையாகத் திருகுங்கள். பீட்டாவைப் பூஜ்யத்தில் வைத்து, கையை நிறுத்திப் பிடிக்கச் சொல்லி, குறைந்தபட்ச வெட்டு அதிர்வெண்ணை 1 ஹெர்ட்ஸிலிருந்து சரிசெய்யுங்கள். பிறகு கையை நகர்த்தச் சொல்லி, பின்தங்கல் மறையும்வரை பீட்டாவை ஏற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகத் திருகினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

திரையில் அம்புக்குறி வேண்டாம், கட்டமே ஒளிரட்டும். நடுங்கும் அம்புக்குறியைப் பார்த்தால் தன் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதுபோல இருக்கிறது என்று ஓர் ஐயா சொன்னார். அதற்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் நான் அம்புக்குறி வைத்ததில்லை.

ஒளிர்ந்த கட்டத்தின் எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஐந்தில் ஒரு பங்கு விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே வருவது எளிதாகவும் தற்செயலாக வெளியேறுவது கடினமாகவும் இருக்க வேண்டும். காத்திருப்பு நேரத்தை, அதாவது தேர்வாவதற்குக் கை கட்டத்தில் நிற்க வேண்டிய நேரத்தை, ஒன்றரை நொடியில் தொடங்குங்கள். கை 300 மில்லி நொடிக்குள் வெளியே போய்வந்தால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்காதீர்கள். காத்திருப்பைக் காட்டும் வட்டம் முக்கால்வாசி நிறைந்தபின் ஒரு துள்ளலில் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்குவது மனதை ரொம்பவே சோர்வாக்கும்.

8. திரையும் ஒலியும்

ஒரு திரையில் நான்கு கட்டங்களுக்குமேல் வேண்டாம். எழுத்து, இரண்டு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். மெல்லிய எழுத்துருவில் தமிழின் புள்ளி காணாமல் போகும், தடித்ததையே எடுங்கள். வலைத்தள அணுகல் விதிகள் கேட்கும் குறைந்தபட்ச நிறவேறுபாடு 4.5:1, நீங்கள் 7:1-க்குக் குறையாதீர்கள். கண்ணின் லென்ஸ் வயதோடு மஞ்சளிப்பதால் நீலமும் கரும்பச்சையும் பிரித்தறியக் கஷ்டம், அந்த ஜோடியைத் தவிருங்கள்.

ஒலி கீச்சென்று இருக்கக்கூடாது. வயதில் முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்கும்.

‘பிழை’ என்ற சொல்லைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். “கையைக் கொஞ்சம் மேலே தூக்குங்க” என்றால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

ரிமோட் அல்லது ஒரு பெரிய பட்டன் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். அதே அணுகல் விதிகளின் 2018-இல் வந்த பதிப்பான டபிள்யூ.சி.ஏ.ஜி 2.1-ம் இதையே கேட்கிறது: அசைவால் செய்யக்கூடியதை வேறு வழியிலும் செய்ய முடிய வேண்டும், அசைவை அணைக்கவும் முடிய வேண்டும். கை முடியாத நாளும் வரும்.

9. சோதனை

முதல் சோதனை சும்மா உட்காருவது. இருபது நிமிடத்தில் ஒரு முறை தானாகத் திரை மாறினாலும் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள். அதன்பிறகே வேலை கொடுத்துச் சோதியுங்கள்.

மகனையோ மகளையோ கொஞ்ச நேரம் அடுத்த அறையில் இருக்கச் சொல்லுங்கள். அன்பினால்தான், ஆனால் “அப்படி இல்லப்பா, இப்படி” என்று அவர்கள் கை முந்திக்கொள்ளும்.

“எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள். உடம்பைப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறதா, மறு கை முழங்கையைத் தாங்குகிறதா, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களா? இதில் ஒன்று தெரிந்தாலும் பெட்டியைச் சிறிதாக்குங்கள், காத்திருப்பைக் குறையுங்கள்.

மறுநாள் எதுவும் சொல்லாமல் மீண்டும் உட்காரவையுங்கள். நினைவில் எது நின்றது என்று அப்போதுதான் தெரியும். இன்னும் நல்லது, ஒரு பெரியவரை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க விடுவது. அவர் விளக்கும் வார்த்தைகளை அப்படியே உதவிக் குறிப்பாக்கிக்கொள்ளுங்கள். “உள்ளங்கையை அனுமார் மாதிரி காட்டுங்க” என்று ஒரு பாட்டி சொன்னதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியவில்லை.

10. வீட்டில் விட்டுவரும்போது

நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் வண்ண நாடா ஒட்டுங்கள். வீடு பெருக்கும்போது நாற்காலி நகரும், துடைக்கும்போது கேமரா திரும்பும். ஒரு வாரத்தில் வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான், கோடில் குறை இருக்காது.

கேமராவுக்கு ஒரு மூடி கொடுங்கள். மூடியிருந்தால் “கேமரா மூடியிருக்கு” என்று திரை சொல்லட்டும்.

காத்திருப்பு நேரத்தை மாற்றும் இடத்தை வீட்டில் ஒருவருக்காவது காட்டிக்கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து நேரில் போங்கள். கதவைத் திறந்ததும் கருவியைப் பார்க்காதீர்கள், அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடித் தலையணையில் இருந்தால் அளவுகளை மட்டும் புதுப்பித்துவிட்டு வரலாம். தொடைக்கு அடியில் இருந்தால், அந்த வாரத்தின் புள்ளிப் பதிவை எடுத்து, எந்த அசைவைக் கருவி தப்பாக எடுத்தது என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தேடத் தொடங்குங்கள்.